விண்ணேற்ற விழாவுக்கு ஓர் ஒத்திகை

யுவராணியைக் கல்லூரிக்குத் தயார் செய்ய முன்வந்த விண்ணேணி உயர்கல்வி வழிகாட்டு அறக்கட்டளை, முதல் வேலையாக அவளுடைய அம்மா சுப்புத்தாயைத் தயார் செய்யத் தொடங்கியது. ஜனவரியிலிருந்து மே வரை ஒன்பது பெற்றோர் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம், கம்பத்திலிருந்து தேனி என்று பஸ் மாறிப் போக வேண்டும். அவள் போகிற அன்றைக்கெல்லாம், கூலியாட்களை ஏற்றிப் போகிற ஒச்சாண்டியின் ஜீப் அவள் இல்லாமலே கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும். மறுநாள் தோட்டத்துக் கங்காணி, "எந்தா சேச்சி, படிக்குந்நது மோளோ, நிங்களோ?" என்று கேட்பான். படிப்பது மகளா, நீயா என்ற அந்தக் கேள்வி சுப்புத்தாய்க்கே நியாயமாகத்தான் பட்டது.

முதல் கூட்டத்துக்கு அவள் புருஷன் அம்மாவாசிதான் போனான். திராட்சைத் தோட்டத்தில் ராத்திரித் தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் போனவனை, கண்ணை மூடி மகளின் எதிர்காலத்தைப் பார்க்கச் சொன்னார்கள். கண்ணை மூடினான். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதுதான் திறந்தான். அவன் பெயருக்கு எதிரே ‘பெற்றோர் ஈடுபாடு குறைவு’ என்று எழுதப்பட்டது. அதற்குப் பிறகு சுப்புத்தாய் போனாள்.

கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் சலித்துப் பன்னிரண்டு பிளஸ் டூ பிள்ளைகளைப் பொறுக்கியிருந்தார்கள். ராயப்பன்பட்டி அனிதா மேரி, மேகமலைத் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வந்த ஓவியா என்று எல்லாருமே நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். பயிற்சிக்குப் பன்னிரண்டு படிகள். அத்தனையும் ஏறி முடித்தால் மூன்று வருஷப் படிப்புச் செலவு அறக்கட்டளையுடையது. இதுவரை ஒன்பதாம் படியைத் தாண்டியவர் எவருமில்லை. படிகளின் தரம் அவ்வளவு உயர்ந்தது என்று துண்டறிக்கையில் போட்டிருந்தது.

இயக்குநர் எபனேசர் மிருதுவாகப் பேசுகிறவர். யார் என்ன கேட்டாலும் "அருமையான கேள்வி" என்று சொல்லிவிட்டு, கேட்காத ஒன்றுக்குப் பதில் சொல்வார்.

"பெற்றோர்களே, பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பது பெரிய காரியமில்லை. அதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். சேர்வதற்கான மனநிலையை உண்டாக்குவதுதான் கடினம். ஆறு ஆண்டுகளில் நூற்று எண்பது மாணவர்களைத் தயார்நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறோம்."

சுப்புத்தாய் எழுந்தாள். "அதுல எத்தன பேரு சார் காலேசுல சேந்தாக?"

"அருமையான கேள்வி. சேர்த்துக்கொள்வது கல்லூரியின் வேலை. அடுத்தவர் வேலையில் நாம் தலையிடக் கூடாது. இதுவும் ஒரு விழுமியம். எல்லாரும் எழுதிக்கொள்ளுங்கள்."

பேனா இருந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழிகாட்டி உண்டு. யுவராணிக்கு வாய்த்தவர் அஜய்குமார். கனடாவில் கம்ப்யூட்டர் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருதரம் செல்போன் திரையில் வருவார். பின்னால் ஜன்னலில் பனி விழுந்துகொண்டிருக்கும்.

"எனக்கும் வழிகாட்ட யாரும் இருந்ததில்ல யுவராணி," என்று தொடங்கினார். "அப்பா டாக்டர், அம்மா காலேஜ் பிரின்சிபால். ரெண்டு பேருக்குமே நேரம் கிடையாது. அதனாலதான் உன் கஷ்டம் எனக்குப் புரியுது. உன் கனவு என்ன?"

"பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சார். கவர்மென்ட் காலேஜ்ல. வீட்லருந்து டவுன் பஸ்ல போயிட்டு வந்துரலாம்."

அஜய்குமாரின் முகம் திரையில் அப்படியே நின்றுவிட்டது. நெட் போய்விட்டது என்று சுப்புத்தாய் செல்போனைத் தட்டினாள்.

"டவுன் பஸ் ஒரு கனவா, யுவராணி?" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு.

நான்காம் படி, கனவை அட்டையில் வரைவது. யுவராணி கல்லூரிக் கட்டடத்தை வரைந்தாள். ‘எல்லைகளுக்குள் சிந்திக்கிறார்’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. கட்டடத்துக்கு இன்னொரு மாடி கட்டி அனுப்பினாள். அதுவும் திரும்பியது. மூன்றாம் தரம் ஒரு ராக்கெட்டை வரைந்து, அதில் ஜன்னலோரமாகத் தான் உட்கார்ந்திருப்பதாகவும் போட்டாள். தேறிவிட்டாள்.

அதே படியில் பெற்றோர் தங்கள் பயத்தை வரைய வேண்டும். சுப்புத்தாய்க்குத் தினம் இருக்கிற பயம் ஒன்றுதான். கோணல்மாணலாக ஒரு ஜீப்பும், பக்கத்தில் மெட்டு வளைவும் போட்டாள். ஒருங்கிணைப்பாளர் சொர்ணலதா அந்தப் படத்தை உயர்த்திப் பிடித்து மற்றவர்களுக்கு விளக்கினார்.

"பார்த்தீங்களா? வாகனம் என்பது மகளுடைய முன்னேற்றம். வளைவு என்பது சமுதாயம். மகள் தன்னை விட்டு வேகமாகப் போய்விடுவாளோ என்று இந்த அம்மாவின் ஆழ்மனம் அஞ்சுகிறது."

"இல்ல மேடம், அந்த வண்டியில பிரேக்கு சரியில்ல," என்றாள் சுப்புத்தாய்.

"மறுக்கிறாங்க. இதுவும் ஒரு அறிகுறி," என்றார் சொர்ணலதா.

ஆறாம் படி, இல்லம் நாடல். வீட்டைப் பார்க்க ஒரு குழு கேமராவோடு வந்தது. வந்தவர்களுக்கு வீடு திருப்தியாக இல்லை. சுவரில் சுண்ணாம்பு புதிது. உள்ளே மின்விசிறி ஓடியது. அதைவிடப் பெரிய தொல்லை, எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் பின்னால் பச்சைப் பசேலென்று திராட்சைப் பந்தல் குலை தள்ளி நின்றது.

"இது ரொம்ப வசதியா தெரியுதேம்மா," என்றார் கேமராக்காரர்.

"பந்தல் மொதலாளியோடது சார். அடியில நிக்கிறவுக மட்டுந்தான் நாங்க."

"அது படத்துல தெரியாதே!"

கடைசியில் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கினார்கள். மாட்டை வெளியே கட்டிவிட்டு அம்மாவையும் மகளையும் உள்ளே உட்கார வைத்தார்கள். "கொஞ்சம் தூரமா பாருங்க. நம்பிக்கையோட பாருங்க, ஆனா சிரிக்க வேண்டாம்." மாடு வாசலில் நின்று அவர்களை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது.

மே மாதம் மதிப்பெண் வந்தது. யுவராணி நல்ல மார்க். அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். அந்த வாரமே எட்டாம் படிக்கும் அழைப்பு வந்தது. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் இரண்டையும் அசலாக ஒப்படைக்க வேண்டும்.

"ஜெராக்ஸ் தரட்டுமா மேடம்? டி.சி. காலேஜ்ல கேப்பாங்க," என்றாள் யுவராணி.

சொர்ணலதாவின் முகம் வாடிவிட்டது. "ஜெராக்ஸ் கொடுக்கிறது எங்களை நம்பலைன்னு சொல்றது மாதிரி இருக்கே. எட்டாம் படிக்குப் பேரே ‘ஒப்படைத்தல்’தான்."

பன்னிரண்டு பேரும் ஒப்படைத்தார்கள். பதிலுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு வட்ட வில்லை தரப்பட்டது. அதில் ‘நான் தயாராகிறேன்’ என்று எழுதியிருந்தது.

ஜூன் முதல் வாரத்தில் யுவராணியின் செல்போனுக்குக் கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கலந்தாய்வு. அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். வராதவர் இடம் வரிசையில் அடுத்தவருக்கு.

சுப்புத்தாய்க்கு அந்தச் செய்தியில் மற்றதெல்லாம் மறந்து ‘அடுத்தவருக்கு’ என்பது மட்டும் காதில் நின்றது. இந்த வியாழக்கிழமையை விட்டால் இன்னொரு வருஷம். ஒரு வருஷம் சும்மா இருக்கிற பிள்ளையை ஏலத்தோட்டம் சும்மா விடாது. "மோளும் வருமோ?" என்று கங்காணி போன மாதமே கேட்டுவிட்டான். நாலு பெண்டுகள் அப்படி ஒரு வருஷத்துக்கென்று ஜீப்பில் ஏறியவர்கள்தான். இன்றைக்கும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து போகிறார்கள்.

மறுநாளே இரண்டு பேரும் தேனிக்குப் போனார்கள்.

"வாழ்த்துகள்," என்றார் எபனேசர். "ஆனால் சான்றிதழ்கள் சட்டம் போடப்பட்டுவிட்டன."

"என்ன சட்டம் சார்?"

கதவைத் திறந்து காட்டினார். சுவரோரம் பன்னிரண்டு கண்ணாடிச் சட்டங்கள், தங்கநிறக் கரையோடு. ஒவ்வொன்றிலும் மேலே மதிப்பெண் பட்டியல், கீழே மாற்றுச் சான்றிதழ், நடுவில் ‘இவர் தயார்’ என்ற வாசகம். பெரியவர் படம் போல இருந்தது, மாலை போடாததுதான் குறை.

"ஒன்பதாம் படி விண்ணேற்ற விழா. அதில் நிறுவனர் ஐயா தம் கையால் வழங்குவார். நகலை மாட்டினால் புகைப்படத்தில் களை வராது."

"விழா என்னைக்கு சார்?"

"அருமையான கேள்வி. ஐயா வெளிநாட்டில் இருக்கிறார். கிராமத்துப் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்ததற்காக ஒரு விருது வாங்கப் போயிருக்கிறார். ஜூலை கடைசியில் திரும்புவார்."

"வியாழக்கிழம காலேசு சார்."

"அம்மா, விழா இல்லாமல் கொடுத்தால் அது வெறும் தாள்."

"எங்களுக்கு வெறும் தாளே போதும் சார்."

எபனேசர் புன்னகைத்தார். அவசரம் ஏழைகளின் முதல் எதிரி என்றார். அப்படியும் வேண்டுமென்றால் விலகல் விண்ணப்பம் தரலாம், வழிகாட்டியின் ஒப்புதல் வேண்டும், பிறகு இருபத்தொரு நாள் மறுசிந்தனைக் காலம். அஜய்குமாரை அழைத்துப் பார்த்தார்கள். கனடாவில் அப்போது அவர் தூங்குகிற நேரம்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். அங்கே தலைமை எழுத்தர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "காணாமப் போனாத்தான் ரெண்டாவது டி.சி. உங்களுது எங்கன இருக்குன்னு தெரியுதுல்ல? இருக்கிறத எப்படி இல்லேன்னு எழுதுறது?"

திரும்பி வருகிற பஸ்ஸில் யுவராணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். உத்தமபாளையம் தாண்டியதும், "எம்மா, நான் வேணா ஒரு வருசம் உங்கூட ஜீப்புல வர்றேன்," என்றாள்.

"வாய மூடு ஆத்தா," என்றாள் சுப்புத்தாய்.

விழாவுக்குத்தான் தேதி கிடையாதே தவிர, ஒத்திகைக்கு உண்டு. நிறுவனருக்கு மேடையில் பிசகு பிடிக்காது என்பதால் மூன்று ஒத்திகை வைப்பது வழக்கம். முதலாவது, கலந்தாய்வுக்கு முந்தின நாள், புதன்கிழமை. தேனியில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்திருந்தார்கள். அன்றைக்கு ஒச்சாண்டி ஜீப்புக்குப் பிரேக் பார்க்க தேனி வந்திருந்தான். வேலை முடிந்து, சுப்புத்தாயையும் மகளையும் ஊருக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று மண்டபத்துப் பின்வாசலில் வண்டியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தான்.

"விண்ணேற்றமா?" என்று அனிதா மேரி யுவராணியிடம் கிசுகிசுத்தாள். "எங்க ஊர்ச் சர்ச்சுல ஏசு ஆண்டவரு மேல போறதுக்குத்தான் இந்தப் பேரு. அவருகூட ஒத்திகை பாக்காமத்தான் போனாரு." அவளுக்கும் வெள்ளிக்கிழமை கலந்தாய்வு. ஓவியாவுக்கும் அதே வாரம். ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்குமே அதே வாரந்தான். சிரிக்க ஒருவருக்கும் தெம்பில்லை.

மேடையில் ஒரு சிக்கல். நிறுவனர் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. விளக்கு வைக்கிறவருக்கு அதே உயரத்தில் ஓர் ஆள் வேண்டும். சொர்ணலதா டேப்பை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பெற்றோரை அளந்தார். அங்கே அச்சாக அந்த உயரம் சுப்புத்தாய்தான். அவள் தோளில் ஒரு சரிகைத் துண்டைப் போர்த்தி நடுமேடையில் நிறுத்தினார்கள்.

"நீங்கதான் ஐயா. பேச வேண்டாம். சட்டத்தை ரெண்டு கையாலயும் கொடுக்கணும், கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கணும்."

"வேற?"

"வேற ஒண்ணும் ஐயா செய்ய மாட்டார்."

முதல் சுற்று நடந்தது. பெயர் கூப்பிட்டதும் பிள்ளைகள் வந்து, சட்டத்தை வாங்கி, கேமராவைப் பார்த்து, இடப்பக்கப் படியில் இறங்கினார்கள். படியடியில் நின்ற சொர்ணலதா அதைத் திரும்ப வாங்கி மேடையோர மேசையில் அடுக்கினார். பெயர் வரிசையில் யுவராணி கடைசி. அவள் வந்து நின்றபோது சுப்புத்தாய் கையிலிருந்த கண்ணாடிக்குள் பார்த்தாள். தலைமையாசிரியர் பச்சை மையில் போட்ட கையெழுத்து அவள் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. கொடுத்தாள். மகள் பத்தடி நடந்து படியில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

எபனேசருக்குத் திருப்தியில்லை. "நடையில் தயக்கம் இருக்கிறது. நம்பிக்கை எங்கே? மறுபடியும்!"

அப்போது கனடாவிலிருந்து அஜய்குமார் அழைத்தார். ஒத்திகையைப் பார்க்க ஆசைப்படுகிறார். சொர்ணலதா செல்போனை மேடைப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்து நின்றார். படியடியில் இப்போது யாருமில்லை. படிக்கு அப்பால் பந்திக்கூடம். அதற்கு அப்பால் பின்வாசல்.

"அனிதா மேரி!"

அனிதா வந்தாள். சுப்புத்தாய் பல் தெரியச் சிரித்தாள். உதடு அசையாமல், "கீழ எறங்கி நிக்காத ஆத்தா. பந்திக்கூடம் வழியா போ. பின்னால ஜீப்பு நிக்கிது," என்றாள்.

அனிதா ஒரு நொடி விழித்தாள். பிறகு கேமராவைப் பார்த்தாள். படியிறங்கினாள். நிற்கவில்லை.

அடுத்தது ஓவியா. அதே சிரிப்பு, அதே சொல். அதற்கடுத்து ஒரு பையன். "ஏலே, ஓடாத. நட. ஓடுனா சந்தேகப்படுவாக."

ஒவ்வொருவராக வந்தார்கள். சட்டத்தை மார்போடு அணைத்தபடி நிமிர்ந்து நடந்து மறைந்தார்கள். எபனேசர் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

"பாருங்கள் அந்த நடையை! திரும்பிப் பார்க்கிறார்களா? போக வேண்டிய இடம் தெரிந்த நடை. இதுதான் ஐந்து மாதப் பயிற்சி!"

"செம கான்ஃபிடன்ஸ்!" என்றார் செல்போனுக்குள்ளிருந்து அஜய்குமார். கைதட்டினார். பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர்களும் தட்டினார்கள்.

"யுவராணி!"

மகள் வந்தாள். சுப்புத்தாய் கேமராவை விட்டுவிட்டு மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு, சட்டத்தை விடாமல் பிடித்திருந்தாள்.

"எம்மா, கேமராவப் பாரு," என்றாள் யுவராணி மெதுவாக. "நீ அழுதா கண்டுபிடிச்சுருவாக." சட்டத்தை அவளே வாங்கிக்கொண்டு நடந்தாள்.

சுப்புத்தாய் சரிகைத் துண்டை எடுத்து, நான்காக மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டு அதே படியில் இறங்கினாள்.

"அம்மா, எங்கே போறீங்க? ஐயா மேடையில இருக்கணுமே!" என்றார் சொர்ணலதா.

"முடிஞ்சுருச்சுல்ல மேடம்," என்றாள் சுப்புத்தாய். நடையை நிறுத்தவில்லை.

பின்வாசலில் பன்னிரண்டு கண்ணாடிச் சட்டங்களைப் பார்த்து ஒச்சாண்டி மிரண்டு போனான். "ஏத்தா சுப்பு, கல்யாண வீட்ல மொய்ச் சாமானத் தூக்கிட்டு வந்துட்டீகளா?"

"வண்டிய எடுண்ணே. பிரேக்கு சரியாயிருச்சா?"

"ஆச்சு. ஆனா இத்தன பேரா?"

"தெனம் பதினெட்டுப் பேர ஏத்துற வண்டி இது. எடு!"

பந்திக்கூடத்தில் பிள்ளைகளைத் தேடிய சொர்ணலதா பின்வாசலுக்கு வந்தபோது ஜீப் சாலையில் ஏறிவிட்டிருந்தது. சின்னமனூரில் மேகமலை பஸ்ஸுக்கு ஓவியா இறங்கினாள். ராயப்பன்பட்டி விலக்கில் அனிதா. கம்பம் சேர்வதற்குள் பாதி வண்டி காலி. வழிநெடுக எபனேசரின் அழைப்பு வந்துகொண்டிருந்தது. எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் எடுக்கவுமில்லை.

வியாழக்கிழமை கலந்தாய்வு மேசையில் யுவராணி அந்தச் சட்டத்தை வைத்தாள். எழுத்தர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அதை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா இது? யாராவது தவறிட்டாங்களா?"

"டி.சி. சார். உள்ள இருக்கு."

"‘இவர் தயார்’னு போட்டிருக்கு. எதுக்கு?"

"காலேஜ்ல சேர."

"அதத்தான நாங்க இங்கன உக்காந்து பாக்குறோம்," என்றார் அவர். டிராயரிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். சான்றிதழை அட்டையிலிருந்து பிரிக்க பிளேடும் பத்து நிமிடமும் ஆனது. மூலையில் கொஞ்சம் கிழிந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சுப்புத்தாய் சேலை முந்தியை வாயில் கடித்துக்கொண்டு அந்த பிளேடையே பார்த்தாள். பச்சைக் கையெழுத்து பிழைத்தது. எழுத்தர் பதிவேட்டில் எழுதி, முத்திரை குத்தினார். கெமிஸ்ட்ரி. கட்ட வேண்டிய தொகையைச் சொன்னார். எட்டுக் கூட்டத்துக்குப் போய் விட்ட கூலியில் அதைக் கட்டியிருந்தால் மிச்சம் இருந்திருக்கும்.

அந்த வருஷம் பன்னிரண்டு பேரும் கல்லூரியில் சேர்ந்தார்கள். அறக்கட்டளையின் வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை என்பதால், அதை விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது.

ஆகஸ்டில் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. தோட்டத்திலிருந்து திரும்பிய சுப்புத்தாய் கால் கழுவிக்கொண்டிருந்தாள். கல்லூரி விட்டு வந்திருந்த யுவராணி வாசலில் நின்றபடியே படித்தாள். எட்டாம் படியிலேயே அவள் நீக்கப்பட்டிருந்தாள். உதவித்தொகை கிடையாது. சட்டத்தைக் கண்ணாடியோடு திருப்பித் தர வேண்டும்.

"அவ்வளவுதானா?"

"இன்னும் இருக்கும்மா. குழுவோட முடிவு." யுவராணி தாளைத் திருப்பினாள். "‘ஒத்திகையின் இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ இருபது நிமிடங்கள் மாணவர்கள் எவருடைய வழிகாட்டுதலும் இன்றி விடப்பட்டுள்ளனர். அவர்கள் கல்லூரியில் சேர்ந்ததற்கு இதுவே காரணம் எனக் குழு கண்டறிந்துள்ளது. இனி இத்தகைய தவறு நிகழாது.’"

சுப்புத்தாய் குவளையைக் கவிழ்த்து வைத்தாள்.

"சரியாத்தான எழுதியிருக்காக," என்றாள்.